கல்லுக்கு முன்னால் தண்ணீர்

நைல் ஆற்றங்கரையில் கெபனு என்று ஓர் ஊர் இருந்தது. இன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எதையும் வைத்த இடத்தில் வைத்திருக்கிறவர்கள் இல்லை.

அந்தக் காலத்து எகிப்தில் அரசர் பட்டத்துக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் சமாதியைக் கட்டத் தொடங்கிவிடுவார். சமாதி என்றால் மலையளவு பிரமிடு. அரசர் கண்ணை மூடியதும் அதன் வழியாக வானத்துக்கு ஏறி நட்சத்திரமாகிவிடுவார். அங்கே உட்கார்ந்துகொண்டு ஆறு காலத்தில் பெருகவும் கோதுமை நன்றாக விளையவும் ஏற்பாடு செய்வார். ஆகவே பிரமிடு அரசர் ஒருவருடைய சமாச்சாரம் இல்லை, ஊர் உலகத்துச் சாப்பாடே அதில்தான் இருந்தது. வருஷா வருஷம் வெள்ளம் வந்து வயல்கள் மூழ்கி, உழவர்கள் சும்மா இருக்கும் மாதங்களில், ஒவ்வோர் ஊரும் கல் இழுக்க ஒரு கூட்டத்தை அனுப்பும். ரொட்டியும் வெங்காயமும் பீரும் அரண்மனைச் செலவு. இடுப்பு வலி அவரவர் பொறுப்பு.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊர்க்காரர்கள் கல்லைக் கொண்டுவருகிறார்களோ, அவர்கள் பெயரைக் கல்லின் ஒரு பக்கத்தில் காவிச் சாந்தால் எழுதிவிடுவார்கள். பிரமிடில் பெயர் ஏறிவிட்டால் அரசர் இருக்கும்வரை அந்த ஊரும் இருக்கும் என்று நம்பிக்கை. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊர்ப் பெயரும் ஏறிவிட்டது. கெபனு மட்டும்தான் பாக்கி.

அவர்கள் போகாமல் இல்லை. ஒரு வருஷம் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். நம்மவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. நேரம் தவறிவிட்டதே என்று வருத்தத்தோடு ஊருக்குத் திரும்பி, அடுத்த வெள்ளம்வரை காத்திருந்தார்கள். அடுத்த வருஷம் ஒரு கல்லைக் காட்டி, இதன்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றார்கள். கண் வைத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் பெயரை எழுதியபோதும், கண்ணை எடுக்காமல் கூடவே நடந்து போய்ப் பார்த்தார்கள்.

இதனால் வந்த கஷ்டம் சின்னது இல்லை. கல்லில் பெயர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சுற்றியிருந்த ஊர்கள் முடிவு செய்துவிட்டன. கெபனுவில் கல்யாணம் நடந்து வெகு காலமாகிவிட்டது. ஊரே மாப்பிள்ளைகளாக நிரம்பி வழிந்தது.

கெபனு கூட்டத்தில் நான்கு பேர். தலைவன் இப்பி. குரல் பெரிதாக இருந்ததால் அவனைத் தலைவனாக்கியிருந்தார்கள். சென்பி யோசிப்பவன். குயி சந்தேகப்படுபவன். தேத்தி யோசிக்கவும் மாட்டான், சந்தேகப்படவும் மாட்டான், சொன்னதைச் செய்வான். நால்வரில் ரொம்ப ஆபத்தானவன் அவன்தான்.

நால்வரும் பிரமச்சாரிகள் என்றாலும் இப்பியின் நிலைமை கொஞ்சம் முற்றியிருந்தது. பிரமிடுக்குக் கிழக்கே, வேலைக்காரர்கள் குடியிருப்பில், ஹெனுத் என்கிற பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவள் கை தவறி இப்பிக்கு ஒரு ரொட்டி அதிகமாகக் கொடுத்துவிட்டாள். இப்பி அதைத் தின்னவில்லை. ஊருக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். ஒரு வருஷம் கழித்து அந்த ரொட்டி பிரமிடில் வைத்துக் கட்டும் தகுதியை அடைந்திருந்தது.

இந்த வருஷம் வந்ததும் நேராக அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னான். ஹெனுத் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"எங்க அண்ணன்மாரு உங்க ஊரைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. மத்த ஊரா இருந்தா வாய் வார்த்தையை நம்பிடுவேன். உங்க ஊர்ப் பேரு கல்லுல இருக்கறத நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா வரேன்."

இப்பி அங்கிருந்து தரையில் கால் படாமல் வந்தான்.

மேஸ்திரி இந்தெபு நல்ல மனிதர். பிரமிடு அநேகமாக முடிந்துவிட்டிருந்தது. கல் ஏற்றுவதற்காகக் கட்டியிருந்த சாய்வான மண்மேட்டைப் பிரித்தெடுத்தபோது, கிழக்குப் பக்கம் கீழ்வரிசையில் ஒரு சின்ன ஓட்டை மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு சின்ன வெள்ளைக்கல் போதும். கெபனுக்காரர்களால் கூடக் கெடுக்க முடியாத அளவுக்குச் சின்ன வேலை என்று நினைத்து அவர்களிடம் கொடுத்தார். அந்த வயதிலும் அவருக்கு உலக அனுபவம் போதவில்லை.

கல்லை ஆற்றுக்கு அக்கரையில், ஒரு மலையடிவாரத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். மரச்சறுக்கு வண்டியில் ஏற்றி, ஆறுவரை இழுத்து, படகில் இக்கரை கொண்டுவந்து, மறுபடி இழுத்துச் சேர்க்க வேண்டும். ஓவியன் அதன் ஒரு பக்கத்தில் 'கெபனுவின் கெட்டிக்காரர்கள்' என்று காவியில் எழுதினான். அந்தப் பெயரைச் சொன்னவன் இப்பி. நால்வருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் வெகுநேரம் நின்று ரசித்தார்கள்.

"இதப் பாருங்கப்பா" என்றார் மேஸ்திரி. "கல்லு போகும்போது அதுக்கு முன்னால தண்ணி ஊத்திக்கிட்டே வரணும். காஞ்ச மணல்ல எதுவும் நகராது. ஈர மணல்ல மலையே வழுக்கிக்கிட்டு வரும். கல்லு போய்ச் சேர்ற வரைக்கும் தண்ணிய நிறுத்தக் கூடாது."

தேத்தி பானையைக் கையில் எடுத்தான். மேஸ்திரி இக்கரைக்குப் படகேறிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் குயிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கல்லுக்கு முன்பக்கம் எது? நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே. நால்வரும் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சென்பி கண்ணை மூடி யோசித்தான்.

"மனுஷனுக்கு முன்பக்கம் எது? மூஞ்சி இருக்கற பக்கம். ஒருத்தன் பேரை எதைப் பாத்துக் கேக்கறோம்? மூஞ்சியப் பாத்து. அப்ப பேரு எங்க இருக்கோ அதுதான் கல்லோட மூஞ்சி."

"அப்ப மூஞ்சி மலைப் பக்கம் இருக்கு. நாம ஆத்துப் பக்கம் போகணுமே" என்றான் குயி.

"முன்னால ஊத்தச் சொன்னாரு. ஆத்துப் பக்கம் ஊத்தச் சொன்னாரா?"

சொல்லவில்லை. தேத்தி பெயர் இருந்த பக்கம் தண்ணீர் ஊற்றினான், மற்றவர்கள் ஆற்றுப் பக்கம் இழுத்தார்கள். கல் அசையவில்லை. பிறகு கயிற்றை அவிழ்த்துப் பெயர் இருந்த பக்கம் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். ஈர மணலில் சறுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கியது. மேஸ்திரியின் அறிவை வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு இழுத்துப் போய், கல்லை வெட்டியெடுத்த பாறையிலேயே கொண்டுபோய் முட்டினார்கள்.

அங்கே கல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், கல்லில் என்ன குறை, ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். குறை ஒன்றும் இல்லை, அதன் மூஞ்சி போன போக்கில் வந்தோம் என்றான் இப்பி. அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், சறுக்கை ஆற்றைப் பார்க்கத் திருப்பிவைத்து, நால்வரையும் அதன் பின்னாலேயே அனுப்பிவைத்தார்கள்.

ஆற்றங்கரையில் கல்லைப் படகில் ஏற்றினார்கள். படகோட்டி பின்பக்கம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். படகு நடு ஆற்றுக்கு வந்தது. கல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆகவே தேத்தி கல்லுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மணலில் தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது, இங்கே கையை நீட்டினால் போதும். அரசர் எவ்வளவு யோசித்து ஆற்றை இங்கே வைத்திருக்கிறார் என்று அவன் சந்தோஷப்பட்டான். இரண்டு மடங்கு ஊற்றினான்.

படகோட்டிக்குக் கணுக்கால் நனைந்ததும் பாட்டு நின்றது. படகில் ஓட்டை என்று நினைத்து, தண்ணீரை வெளியே இறைக்கும்படி கத்தினான். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று குயி இறைக்கத் தொடங்கினான். அவன் இறைக்க இறைக்க தேத்தி ஊற்றினான். இருவரும் அவரவர் உத்தரவில் உறுதியாக இருந்தார்கள். இதைப் பார்த்த சென்பிக்கு மனசு கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் எதுக்குடா சிரமப்படறீங்க. குயி, நீ இறைக்கற தண்ணியத் தேத்தி பானையில ஊத்து. அவன் அதைக் கல்லு முன்னால ஊத்தட்டும். ரெண்டு உத்தரவும் நிறைவேறிடும். ஆத்துத் தண்ணியும் மிச்சம்."

இது நல்ல யோசனைதான், கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருந்தால். பிரமிடு இருந்த கரைக்குப் பக்கத்தில், வெள்ளத்தில் மூழ்கியிருந்த ஒரு வயலின் மேல், படகு மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்கு உள்ளே போனது. படகோட்டி நீந்திக் கரையேறி, மேஸ்திரியைத் தேடி ஓடினான்.

மேஸ்திரி வந்து பார்த்தபோது நால்வரும் மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். மூன்று பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். தேத்தி ஆற்றிலிருந்து தண்ணீரை மொண்டு, ஆற்றில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றீங்க?"

"கல்லு இன்னும் போய்ச் சேரலைங்கய்யா" என்றான் தேத்தி.

மேஸ்திரி கரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஊர்க் கூட்டங்களை வரவழைத்து, கல்லைக் கட்டி வெளியே இழுக்க வைத்தார். கல் வந்துவிட்டது. பெயர் வரவில்லை. காவியெல்லாம் கரைந்து போயிருந்தது.

இப்பி அந்த வெற்றுப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தான். திரும்பத் திரும்பத் தடவினான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். சிரிக்க வந்த மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத் திரும்பிக் கயிற்றைச் சுருட்டினார்கள். மேஸ்திரி திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தார், ஆனால் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டார். இப்பி ஹெனுத் விஷயத்தைச் சொன்னான். ஒரு வருஷத்து ரொட்டியைப் பற்றியும் சொன்னான். அதைக் கேட்டபிறகு மேஸ்திரிக்குத் திட்ட மனசு வரவில்லை. ஓவியனைக் கூப்பிட்டு மறுபடியும் பெயரை எழுதச் சொன்னார். பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும், தயவுசெய்து கல்லில் கை வைக்காதீர்கள் என்றார். மற்றவர்கள் இழுத்துப் போக, நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். தேத்திக்குத்தான் கை பரபரத்தது.

கல் ஓட்டைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மேஸ்திரி பெருமூச்சு விட்டார். கெபனுவின் பெயர் பிரமிடில் ஏறிவிட்டது. இப்பி அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகக் குனிந்தான். வெள்ளை வெளேர் என்ற கல்தான் இருந்தது.

"ஐயா, பேரு?"

"உள்பக்கம் இருக்கு. எல்லா ஊர்ப் பேரும் உள்பக்கம்தான். வெளியில வெள்ளையா இருக்கணும், அது அரசரோட அழகு. பேரெல்லாம் அரசர் மட்டும் பாக்கறதுக்கு."

"ஹெனுத் பாக்கணுமேங்கய்யா."

 மறுநாள் வேலைக்கு விடுமுறை, போய்ப் படுத்துத் தூங்குங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்.

விடுமுறை நாள் காலையில் நால்வரும் கல்லின் முன்னால் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். கல்லை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு மறுபடி செருகலாமா என்றான் இப்பி. மேலே இருப்பது அத்தனையும் கீழே வந்துவிடும், அரசர் அப்புறம் எதன்மேல் ஏறி வானத்துக்குப் போவார் என்றான் குயி. அரசர் போகாவிட்டால் வெள்ளம் வராது, கோதுமை விளையாது, ஹெனுத்துக்கு மாவு கிடைக்காது. அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

சென்பி கண்ணை மூடினான். வெகுநேரம் மூடியிருந்ததால் தூங்கிவிட்டான் என்று நினைத்தார்கள்.

"கல்லு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. அவ்வளவுதானே?" என்றான் கடைசியில். "முதுகைக் காட்டறவன் மூஞ்சியப் பாக்கணும்னா என்ன பண்ணுவோம்?"

"தோளைப் பிடிச்சுத் திருப்புவோம்."

"கல்லுக்குத் தோளு எது?"

நால்வரும் அண்ணாந்து பிரமிடைப் பார்த்தார்கள்.

"கனமா இருக்குமேண்ணே" என்றான் குயி.

"காஞ்ச மணல்ல கனம்தான். ஈர மணல்ல மலையே வழுக்கிக்கிட்டு வரும்னு மேஸ்திரி சொன்னாரா இல்லையா?"

சொல்லியிருந்தார். குயிக்கு அதற்குமேல் சந்தேகம் வரவில்லை.

விடுமுறை ஆதலால் கயிறுகள் அங்கங்கே சும்மா கிடந்தன. எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு நீளமாக்கி, பிரமிடின் அடியைச் சுற்றிக் கட்டினார்கள். மிச்ச நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். பிரமிடுக்கு முன்பக்கம் எது என்று தேத்தி கேட்டான். அரசருக்கு எல்லாப் பக்கமும் முன்பக்கம்தான் என்றான் சென்பி. தேத்தி நான்கு பக்கமும் ஓடி ஓடி ஊற்றினான்.

புறப்படும்போது நிழல் மேற்கே பாலைவனத்தில் நீண்டு கிடந்தது. சென்பி அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டான். இழுத்தார்கள். காலை முழுக்க இழுத்தார்கள். ரொட்டி அடுப்பிலிருந்து ஹெனுத் அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்த்தாள். உச்சிவேளைக்குச் சென்பி போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். நிழல் பாதிக்குமேல் சுருங்கிவிட்டதாம். மலை அசையத் தொடங்கிவிட்டது, விடாதீர்கள் என்றான். அவர்கள் விடவில்லை. தோள் உரிந்தது. இப்பி ஹெனுத் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே இழுத்தான், அதனால் அவனுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

சாயங்காலம் பிரமிடின் நிழல் கிழக்குப் பக்கம் மெல்ல இறங்கியது. நால்வரையும் தாண்டி, குடியிருப்பைத் தாண்டி, ஹெனுத்தின் அடுப்பு வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

மேற்கே இருந்த நிழல் கிழக்கே வந்துவிட்டது. மலை அரைச் சுற்றுச் சுற்றிவிட்டது. நால்வரும் கயிற்றைப் பிடித்தபடியே ஒருவரையொருவர் பார்த்தார்கள். 

ஹெனுத் ரொட்டிக் கூடையோடு வந்தாள். கிழக்குப் பக்கம் முழுவதும் பார்த்தாள். எல்லாக் கல்லும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"பேரு எங்க?" என்றாள்.

"மலையத் திருப்பிட்டோம். அப்ப எங்க கல்லு மேற்குப் பக்கம் போயிருக்கும். அங்க பாலைவனத்தப் பாத்துக்கிட்டு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கும்" என்றான் இப்பி. "நடந்து போனாப் பாத்துடலாம்."

ஹெனுத் அவனுடைய தோளைப் பார்த்தாள். கயிறு பட்டு ரத்தம் கட்டியிருந்தது. தினமும் சாயங்காலம் நிழல் எப்போது வரும் என்று காத்திருந்து, அது அடுப்புக்கு வந்தபிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறவள் அவள். அந்த நிழலைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"அவ்வளவு தூரம் எதுக்கு. போனாலும் எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். "திரும்பியிருக்கு. பாத்துட்டேன்."

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு ரொம்ப ஏற்பாடு கிடையாது. இருவரும் சேர்ந்து ரொட்டியைத் தின்றால் போதும். ஆனால் கயிற்றை விட்டால் மலை பழைய இடத்துக்குப் போய்விடுமோ என்று குயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் இப்பி ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரொட்டியைத் தின்றான். மற்றவர்கள் முறை வைத்துக் கயிற்றைப் பிடித்து, முறை வைத்துப் பீர் குடித்தார்கள். தேத்தி மணப்பெண்ணுக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று.

பொழுது சாயும் நேரத்தில் மேஸ்திரி கயிற்றைத் தேடிக்கொண்டு வந்தார். பிரமிடைச் சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்தார். நடந்ததை இப்பி ஆதியோடந்தமாகச் சொன்னான். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, முதலில் கயிற்றை விடுங்கள் என்றார்.

"விட்டா பழைய இடத்துக்குப் போயிடுங்கய்யா" என்றான் இப்பி.

"போகட்டும். நான் பாத்துக்கறேன். விடுப்பா."

மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். நால்வரும் மனசே இல்லாமல் கயிற்றை விட்டார்கள். மேஸ்திரி அப்போதும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வேலைக்கு வந்தபோது நால்வரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.   நிழல் திரும்பவும் மேற்கே, பாலைவனத்தில் நீண்டு கிடந்தது.

"நாங்க அப்பவே சொன்னோங்கய்யா" என்றான் இப்பி, பெரியவர் மனசு புண்படாதபடி மெதுவாக.

மேஸ்திரி சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். நிழலைப் பார்த்தார். அண்ணாந்து பிரமிடைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் நிழல் கிழக்கே இருந்ததை அவரே தன் கண்ணால் பார்த்திருந்தார். விடச் சொன்னதும் அவர்தான். அரசர் வந்து கேட்டால் என்ன சொல்வது? சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கயிற எங்கப்பா வெச்சீங்க?"

தேத்தி ஏற்கெனவே பானையை நிரப்பி வைத்திருந்தான்.